நடுவில் ஒரு கறுப்பு

அந்த வைரப் பட்டறையில் ஐந்து சக்கரம், ஐந்து ஆள். மூன்றாவது சக்கரத்துக்காரருக்கு ரேடியோ என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. கல்லைப் பிடியில் மாட்டி, சுழலும் இரும்புத் தட்டில் வைத்துவிட்டால், தலையை இடப்பக்கம் சாய்த்துக் காதைக் கொடுத்துவிடுவார். பட்டை இறங்கிவிட்டதா, இன்னும் இரண்டு சுற்று வேண்டுமா என்பதைச் சத்தமே அவருக்குச் சொல்லிவிடும். பழைய ரேடியோவில் செய்தி கேட்கிற ஆள்போல இருப்பதால் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது.

"என்னண்ணே, இன்னைக்கு வானிலை எப்படி?" என்பான் நான்காம் சக்கரத்து அரட்டை. வாய் மூடாதவன், அவன் பேர் அதனால் வந்தது.

"நாலாம் சக்கரத்துப் பக்கம் மட்டும் பலத்த காத்து," என்பார் ரேடியோ.

இருபத்தாறு வருஷமாக இப்படித்தான் ஓடியது. கடைசி இரண்டு வருஷமாக மட்டும் அந்தத் தலைச் சாய்ப்புக்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருந்தது. அது யாருக்கும் தெரியாது என்று அவர் நினைத்திருந்தார்.

முதலில் சுவர்க் கடிகாரத்தில்தான் கண்டுபிடித்தார். சுற்றியிருக்கும் எண்கள் எல்லாம் தெரிந்தன; முட்கள் சேரும் நடுவிடம் மட்டும், ஈர மையைக் கட்டைவிரலால் தேய்த்ததுபோலக் கிடந்தது. கடிகாரத்தின் கோளாறு என்று நாற்காலி போட்டு ஏறித் துடைத்தார். அப்புறம் மனுஷ முகங்களிலும் அதே கறை. ஆளைப் பார்த்தால் காது தெரியும், மூக்கு தெரியாது. எதைப் பார்த்தாலும் அதன் நடுவில் அந்தக் கறுப்பு முந்திக்கொண்டு போய் உட்கார்ந்தது. தலையைச் சாய்த்துக் கண்ணின் ஓரத்தால் பார்த்தால் ஏதோ கொஞ்சம் பிடிபடும். பொட்டலத்தில் சோதனையக்கா எழுதி அனுப்பும் அளவுச் சீட்டைப் படிக்க முடியாமல் போனபோது, "இந்த அக்கா கையெழுத்து எறும்பு மை மிதிச்ச மாதிரி இருக்கு, படிடா," என்று அரட்டையிடம் நீட்டப் பழகிக்கொண்டார். அவனும் படித்துச் சொல்வான்.

வீட்டில்கூடச் சொல்லவில்லை. தையற்காரனுக்குக் கை போனால் எப்படியோ, பட்டை தீட்டுகிறவனுக்குக் கண் போனால் அப்படி. நாற்காலியை அவனே தூக்கி வெளியே வைத்துவிட்டுப் போகவேண்டியதுதான். ஐம்பத்திரண்டு வயதில் அந்த நாற்காலியைத் தவிர அவருக்குத் தெரிந்த இடம் வேறு ஒன்றும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் மகனுக்குப் பெண் அமைந்தது. மகன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். பெண் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். இரண்டு பேரும் தாங்களாகவே பார்த்துப் பேசி முடித்துவிட்டு, பெரியவர்களுக்கு மரியாதைக்காகச் சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கு வந்தாள். டீ குடித்தாள், மாமியாராகப் போகிறவளோடு சிரித்தாள், கிளம்பும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்:

"மாமா, தப்பா நினைக்காதீங்க. என்கிட்ட பேசறப்போ எல்லாம் என் தோளைப் பார்த்தே பேசறீங்க."

"கூச்சம்மா," என்றார் ரேடியோ.

"எங்க கடைக்குச் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை கண் டாக்டர் வருவாரு. ஒரு நாள் வாங்களேன்."

"வரேன் வரேன்."

அவர் போகவில்லை.

பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. இப்போதைய முதலாளியம்மாவின் மாமனார் காலத்திலிருந்து வருவது. வேலைக்காரன் வீட்டில் நிச்சயம் வந்தால், மோதிரத்துக்குப் பட்டறையே ஒரு கல் கொடுக்கும். ஆனால் கையில் தூக்கிக் கொடுத்துவிடாது. கறுப்புத் துணி விரித்த தட்டில் பன்னிரண்டு கல்லை வைத்து ஜன்னலோரம் கொண்டுவந்து வைப்பார்கள். பன்னிரண்டும் ஒரே எடை, ஒரே நிறம். வித்தியாசம் தீட்டலில் மட்டும்தான். வேலை எல்லாம் நின்றுவிடும். எல்லாரும் சுற்றி நிற்க, பத்து நிமிஷத்துக்குள் அவன் தன் கண்ணால் ஒன்றை எடுக்கவேண்டும். எடுத்ததை மாற்ற முடியாது. அப்புறம் சோதனையக்கா, அதாவது தீட்டிய கற்களைக் கருவியில் வைத்துச் சரிபார்க்கிறவர், அந்தக் கல்லின் அளவுகளை எல்லாருக்கும் கேட்கச் சொல்வார்.

"எல்லாத்தையும் நல்ல கல்லா வெச்சா அது தானம். கண்ணு இருக்கிறவனுக்குத்தான் கல்லு," என்று அந்த மாமனார் சொல்வாராம்.

பன்னிரண்டில் ஐந்தாறு சொத்தையாக இருக்கும். சொத்தை என்றால் கீறலோ கறையோ அல்ல. அதெல்லாம் கல்லின் பிறவிக் குணம். தீட்டல் மட்டும்தான் மனுஷன் கையால் வருவது, கெடுவதும் அதே கையால்தான். எடை போகக்கூடாது என்று கல்லின் அடிவயிற்றை ஆழமாக விட்டுவிட்டால், மேலே விழுந்த வெளிச்சம் திரும்பி வராமல் பக்கவாட்டில் ஒழுகிவிடும்; நடுவில் ஆணித்தலைபோல ஒரு கறுப்பு உட்கார்ந்துகொள்ளும். தராசில் கனக்கும், விரலில் செத்துக் கிடக்கும். வயிற்றை ரொம்ப ஒட்டவிட்டாலோ, மீன் கண்போலச் சாம்பல் வளையம் தெரியும். கடைக்காரர்கள் மேலே பத்து விளக்கைப் போட்டு இதை மறைப்பார்கள். அந்த விளக்கில் உடைந்த பாட்டில்கூட மின்னும். ஜன்னலோர நிழலில் வைத்துப் பார்த்தால் கல் பொய் சொல்லாது. நடுவிலிருந்து வெளிச்சம் எழுந்து முகத்துக்கு வந்தால் நல்ல கல். வராவிட்டால் கீழே வைத்துவிடவேண்டியதுதான்.

ரேடியோ இதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். இப்போது பார்க்கவேண்டிய இடமும் நடுதான், அவருக்குத் தெரியாத இடமும் நடுதான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஐந்தாம் சக்கரத்துக்காரன் ஒருவன் தட்டில் மீன் கண் கல்லை எடுத்துவிட்டான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவன் பொட்டலம் மடிக்கும் மேசைக்குப் போனான். அடுத்த மாதம் அங்கேயும் இல்லை.

தட்டே வேண்டாம் என்று ஒதுங்கவும் வழியில்லை. நிச்சயத் தேதியை மகன் பட்டறைக்கே வந்து இனிப்புக் கொடுத்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். வீட்டிலும் மனைவி மோதிரத்துக்கு அளவெடுத்து நூலில் முடிச்சுப்போட்டு வைத்திருந்தாள்.

"இத்தனை வருஷம் ஊரார் விரலுக்கெல்லாம் தீட்டினீங்க. நம்ம வீட்டுக்குள்ள ஒண்ணாச்சும் நுழையட்டும்," என்றாள். "நல்லதா பார்த்து எடுங்க. உங்களுக்குச் சொல்லணுமா."

"சொல்ல வேண்டாம்," என்றார் அவர்.

மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். கண்ணை அசைக்காமல் வைத்துக்கொண்டு கல்லை மட்டும் மெதுவாக நகர்த்துவது. கல்லோடு நகர்ந்தால் அது கல்லின் கறுப்பு. நகராமல் நின்றால் அது தன் கறுப்பு. வீட்டில் சட்டைப் பொத்தானை வைத்துப் பழகிப் பார்த்தார். பொத்தானில் சரியாகத்தான் வந்தது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் தட்டு வந்தது. ஐந்து சக்கரமும் நின்றன. சக்கரம் நின்ற பட்டறை அவருக்கு எப்போதுமே பிடிக்காது. ஆள் பேச்சை நிறுத்திவிட்டு முறைப்பதுபோல இருக்கும். முதலாளியம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்து, "ஆரம்பிங்க," என்றார்.

ரேடியோ இடுக்கியால் முதல் கல்லை எடுத்தார். மடித்த வெள்ளைக் காகிதத்தில் வைத்து நிழலில் பிடித்தார். நடுவில் கறுப்பு. நகர்த்தினார். அதுவும் கூடவே வருவதுபோல இருந்தது; வராததுபோலவும் இருந்தது. பொத்தான் பெரியது. இது மிளகில் பாதி. அவர் கண்ணுக்குள் இருந்த கறை இந்தக் கல்லை மொத்தமாக விழுங்கி ஏப்பம் விட்டது. ஓரக்கண்ணால் பார்த்தார். மழையில் தெரியும் தெருவிளக்குபோல ஒரு பிசுபிசுப்பு, அவ்வளவுதான்.

இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. எல்லாவற்றிலும் அதே கறுப்பு அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. சக்கரத்தில் வைத்தால் ஏதாவது சொல்லும். காகிதத்தில் கிடக்கிற கல் ஊமை.

"அண்ணே, கல்லுக்கு ஜாதகம் எழுதறீங்களா?" என்றான் அரட்டை. இரண்டு பேர் சிரித்தார்கள்.

"உனக்குப் பொண்ணு பார்க்க இவ்வளவு நேரம் எடுத்திருந்தா நீ நல்லா இருந்திருப்பே," என்றார் ரேடியோ. சொல்லிக்கொண்டே அடுத்த கல்லை எடுத்தார்.

"இன்னும் ரெண்டு நிமிஷம்," என்றார் முதலாளியம்மா.

ஏழாவது கல்லில் ஓரத்தில் ஏதோ ஒரு பொறி அடித்த மாதிரி இருந்தது. அதை எடுத்துத் தனியாக வைத்தார்.

"இது."

சோதனையக்கா அதை வாங்கிக் கருவியில் வைத்தார். அந்த அம்மாவுக்கு ஒரு பழக்கம்: கருவி காட்டியதும் மேல்தளத்தின் அகலமான மேசை, மொத்த ஆழம், அடிவயிற்றுச் சாய்வான வயிறு என்று மூன்று அளவையும் ஒரே மூச்சில், கண்டக்டர் நிறுத்தம் சொல்வதுபோலச் சொல்லிவிடுவார். இன்று சத்தம் வரவில்லை. ரேடியோ தலையைச் சாய்த்தார். அக்கா மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. வெளியே விட்டது கேட்க நேரமானது.

"மேசை ஐம்பத்தாறு," என்றார் அக்கா. ஒரு இடைவெளி. "ஆழம் அறுபத்தொண்ணு. நல்ல கல்லு. எழுதிக்கோங்கம்மா."

வயிற்றின் அளவை அவர் சொல்லவில்லை. வேறு யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை, ஏனென்றால் அரட்டை அதற்குள் கைதட்டிவிட்டான்.

"ரேடியோல இன்னைக்கு நல்ல செய்திப்பா."

முதலாளியம்மா கல்லைக் காகிதத்தில் மடித்து அவர் கையில் வைத்தார். "மருமகளுக்கு நல்லா இருக்கட்டும்," என்றார். சக்கரங்கள் மறுபடி சுற்ற ஆரம்பித்தன. ரேடியோவின் சட்டைப் பையில் அந்தப் பொட்டலம் ஒரு கட்டெறும்புபோல உட்கார்ந்திருந்தது.

மதியம் கை கழுவும் குழாயடியில் சோதனையக்காவைப் பிடித்தார்.

"அக்கா, நடுவுல கறுப்பா?"

அக்கா குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டே இருந்தார்.

"ஏன் கேக்கறீங்க? நல்ல கல்லுன்னு சொன்னேனில்ல."

"வயிறு எவ்வளவு?"

"நாப்பத்தி மூணரை," என்றார் அக்கா கடைசியில். இருக்கவேண்டியதைவிட இரண்டு டிகிரிக்கு மேல் ஆழம். ஆணித்தலை என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை. "அந்தப் பொண்ணு என்ன, கருவி வெச்சா பார்க்கப்போவுது? போட்டுக்கிட்டு சந்தோஷமா இருக்கட்டும். நீங்களும் சக்கரத்துல இருங்க. பேசாம விடுங்க."

"என் கண்ணு உங்களுக்கு எப்போ தெரியும்?"

"போன மழைக்கு முன்னாடியே."

"அப்போ நான் தீட்டி அனுப்பறதெல்லாம்?"

அக்கா குழாயை மூடினார். "சாப்பிடப் போங்கண்ணே," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ரேடியோ சாப்பிடப் போகவில்லை. எல்லாரும் பின்கட்டுக்குப் போன பிறகு பட்டறைக் கதவோரம், மேலங்கிகள் தொங்கும் இடத்தில் நின்றார். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஒரு சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. நான்காவது. அதன் அச்சில் ஒரு லேசான தட்டல் உண்டு, அவருக்குத் தெரியும். பிடியை இறக்கும் சத்தம். கல் தட்டில் பட்டது.

பட்டதும் விசில்போல ஒரு இழுப்பு வந்தது. அந்தக் கல்லை அவருக்குத் தெரியும். காலை தட்டு வருவதற்கு முன்னால் அவரே தீட்டி முடித்து அனுப்பிய கல். ஒரு பக்கம் இறுகிய ரேகை ஓடும். அந்த இடம் வரும்போதெல்லாம் இப்படி விசிலடிக்கும். இப்போது அதன் அடிவயிறு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. அவர் விட்ட ஆழத்தை இன்னொருவன் எடுத்துக்கொண்டிருந்தான். அடிவயிற்றின் எட்டுப் பட்டையும் முடிகிற வரைக்கும் நின்று கேட்டார். சுத்தமான வேலை. ஒரு இடத்தில்கூடச் சத்தம் பிசகவில்லை.

அரட்டை தினமும் எல்லாரும் வந்த பிறகுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பான். ஆறிப்போனதை ஏண்டா தின்கிறாய் என்று ரேடியோவே எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். "சூடா தின்னா நாக்கு வெந்துடும்ணே, அப்புறம் இங்க யாரு பேசறது," என்பான். அதற்கும் சிரித்திருக்கிறார்.

அவர் உள்ளே போனார். அரட்டை சட்டென்று பிடியைத் தூக்கினான்.

"எத்தனை நாளாடா?"

"எதுண்ணே?"

"என் கல்லு."

வாய் இருந்தும் அவன் பேசாமல் நின்றதை அவர் அன்றுதான் முதல்முறை கேட்டார். அப்புறம், "எல்லாம் இல்லண்ணே. பத்துல நாலு. நாலரை வெச்சுக்கோங்க," என்றான்.

"சாப்பிட்டுட்டு வா. ஆறிடும்."

"அண்ணே, முதலாளியம்மாகிட்ட எதுவும் போய்ச் சொல்லிடாதீங்க. அக்காவுக்கும் சேர்த்துதான் சொல்றேன். காலைல அவங்க வயித்து அளவைச் சொல்லாம விட்டப்போ கைதட்டினவன் நானு."

ரேடியோ தன் நாற்காலியில் உட்கார்ந்தார். பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்தப் பெண் கடையில் தினம் ஐம்பது பேர் முகத்துக்குக் கிட்டே கையைக் கொண்டுபோய்க் கண்ணாடிச் சட்டம் மாட்டுவாள். கல் என்றால் என்னவென்று தெரிந்தவர் ஒருவர் அதில் வருவார். வராமலும் போகலாம். ஆனால் இவர் வீட்டில் அவள் டீ கொண்டுவந்து நீட்டும் ஒவ்வொரு தடவையும், தன் கறுப்பு அவள் விரலில் ஏறியிருப்பது இவருக்குத் தெரியும். அவள் ஒருத்திதான் அதைக் கண்டுபிடித்து, யாருக்கும் கேட்காமல், இவரிடமே சொன்னவள். அவளுக்கா இதைப் போடுவது?

எழுந்து முதலாளியம்மாவின் அறைக்குப் போனார். சோதனையக்கா அங்கே சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் பேனா நின்ற சத்தம் கேட்டது.

"அம்மா, இந்தக் கல்லைத் திருப்பிக் கொடுக்க வந்தேன்."

"எடுத்ததை மாத்தறது இங்க இல்லைன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா. நான் எடுக்கல. கை ஏதோ ஒண்ணைத் தொட்டுச்சு. எனக்கு நடு தெரியறதில்லம்மா. ரெண்டு வருஷமாச்சு. உங்க முகத்துல இப்போ எனக்குத் தெரியறது ரெண்டு தோடு மட்டும்தான்."

முதலாளியம்மா பொட்டலத்தைப் பிரித்து ஜன்னலோரம் போய் நின்றார். ரொம்ப நேரம் பார்த்தார். நாற்காலி கிரீச்சிட்டது; அக்கா எழுந்துவிட்டார்போல.

"யாரையும் ஒண்ணும் கேக்காதீங்கம்மா," என்றார் ரேடியோ. "தப்பு என்னோடது. சொல்லவேண்டிய ஆளு நான்தான், சொல்லல."

முதலாளியம்மா கல்லை மறுபடி மடித்தார். மடிப்பு ஒவ்வொன்றாக விழுந்தது.

"அக்கா, கருவியில தூசி பட்டிருக்கும்போல," என்றார். "துடைச்சு வைங்க."

"சரிங்கம்மா," என்றார் அக்கா.

"நீங்க இந்தச் சனிக்கிழமையோட சக்கரத்தை விட்டுடுங்க," என்றார் முதலாளியம்மா ரேடியோவிடம். "பொட்டலம் மடிக்கற மேசை காலியாத்தான் இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க. இப்பவே சொல்லணும்னு இல்ல."

"சரிம்மா."

"கண்ணால எடுக்காதது எடுப்பு இல்ல. எங்க மாமனார் இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாரு. தட்டை மறுபடி வெக்கறேன். உங்களுக்குப் பதிலா யாரு பார்க்கறது?"

"நாலாம் சக்கரம்."

தட்டு இரண்டாம் தடவை வந்தது. இப்படி நடந்ததே இல்லை என்பதால் எல்லாருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. அரட்டை லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பன்னிரண்டு கல்லையும் ஒவ்வொன்றாக நிழலில் பார்த்தான். ஒரு கேலி இல்லை, ஒரு வார்த்தை இல்லை. பத்து நிமிஷத்தில் ஒன்பது நிமிஷத்தை எடுத்துக்கொண்டான். ரேடியோ அவன் பின்னால் நின்று, காகிதத்தில் கல் உருளும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதுண்ணே," என்றான் அவன். முதலாளியம்மாவிடம் சொல்லவில்லை; திரும்பி இவரிடம் சொன்னான்.

கருவி ஓடியது. ரேடியோ தலையைச் சாய்த்தார்.

"மேசை ஐம்பத்தாறு ஆழம் அறுபத்தொண்ணரை வயிறு நாப்பத்தொண்ணு," என்றார் சோதனையக்கா. ஒரே மூச்சு. நடுவில் இடைவெளி இல்லை.

பட்டறை மறுபடி வேலைக்குத் திரும்பியது. ரேடியோ புதுப் பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டு மகனுக்கு ஃபோன் செய்தார். அவன் வேனில் பிள்ளைகள் போட்ட கூச்சலில் இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது.

"கல்லு எடுத்தாச்சு. நல்ல கல்லு. நான் எடுக்கல, இன்னொருத்தர் எடுத்தாரு. வீட்டுக்கு வந்து சொல்றேன். அந்தப் பொண்ணுகிட்ட ஒண்ணு சொல்லிடு. வர்ற செவ்வாய்க்கிழமை கடைக்கு வரேன்னு சொல்லு."

"எதுக்குப்பா?"

"அவளுக்குத் தெரியும்," என்றார்.

பிறகு மூன்றாம் சக்கரத்தின் விசையைப் போட்டார். சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. பிடியில் கல் மாட்டவில்லை. வெறும் தட்டைச் சுற்றவிட்டு, காதைக் கொடுத்துக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, விசையை அணைத்தார். அது சுற்றி ஓய்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.